வண்டி எடுக்கலையா? பழைய கார்களின் செல்ஃப், பேட்டரி, வயரிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் வியாசர்பாடி, பெரம்பூர், கொடுங்கையூர், தண்டையார்பேட்டை பக்கமெல்லாம் மாருதி 800, ஆம்னி, ஜென், பழைய சான்ட்ரோ, இண்டிகா இன்னும் நிறையவே ஓடுகின்றன. அங்கங்கே ஒரு அம்பாசடரும் பத்மினியும்கூட உண்டு. வண்டி வயரிங் வேலை தெரிந்தவன் என்பதால் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே எனக்குப் போன் வந்துவிடும். ஆள் மாறுவார், கேள்வி மாறாது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டுப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் செல்ஃப் என்றும், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை டைனமோ என்றும் நம் பக்கம் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன்.

"அண்ணா, காலையில சாவி திருப்பினேன், வண்டி எடுக்கல. முதல்ல எதைப் பாக்கணும்?"

முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: இன்ஜின் சுற்றவே இல்லையா, சுற்றுகிறது ஆனால் பிடிக்கவில்லையா? சுற்றவே இல்லை என்றால் பேட்டரி, கேபிள், எர்த் (கரன்ட் பேட்டரி மைனஸ்ஸுக்குத் திரும்பும் இணைப்பு), சாவி ஸ்விட்ச், செல்ஃப் இவற்றில் ஒன்று. நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் ஸ்பார்க் அல்லது பெட்ரோல். இதைச் சொல்லாமல் "ஸ்டார்ட் ஆகல" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக்கும் இருட்டில்தான் தேட வேண்டும்.

சுற்றவில்லை என்றால் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். எதிரில் சுவர் இருந்தால் வெளிச்சம் நன்றாகத் தெரியும். லைட் எரியவே இல்லை, அல்லது மங்கலாக எரிகிறது என்றால் பேட்டரி இறங்கியிருக்கிறது, இல்லாவிட்டால் டெர்மினல் பிடிப்பில்லை. நன்றாக எரிந்து, சாவி திருப்பியதும் சுத்தமாக மங்கினால் பேட்டரியில் வலு இல்லை, அல்லது செல்ஃப் இறுகிக்கொண்டு கரன்ட்டைக் குடிக்கிறது. லைட் கொஞ்சமும் அசையாமல் எரிகிறதா? அப்படியானால் கரன்ட் செல்ஃபுக்குப் போகவே இல்லை. செலவில்லாத இந்தச் சோதனையை நான் ஹெட்லைட் சோதனை என்றே சொல்வேன். கீழே பல இடங்களில் இது வரும்.

"மல்டிமீட்டர் வாங்கணுமா? எனக்கு அதெல்லாம் பாக்கத் தெரியாதே."

ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மீட்டர் போதும். டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பைப் பேட்டரி பிளஸ்ஸிலும் கருப்பை மைனஸ்ஸிலும் வைத்தால் எண் வரும், அவ்வளவுதான். கூடவே ஒரு டெஸ்ட் லாம்ப்பும் (ஒரு பக்கம் கவ்வி, மறுபக்கம் கூர்முனை உள்ள 12 வோல்ட் பல்பு) வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தில் மீட்டரைவிட லாம்ப் கெட்டிக்காரன். ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயரில்கூட மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும். லாம்ப் கரன்ட் இழுப்பதால் வயர் ரொம்ப மோசமாக இருந்தால் மங்கிக் காட்டிக்கொடுக்கும்.

செல்ஃப் இழுக்கும் கரன்ட்டை மட்டும் இந்த மீட்டரில் அளக்கப் பார்க்காதீர்கள். சின்ன பெட்ரோல் வண்டியே 100 ஆம்பியரைச் சாதாரணமாகத் தொடும், மீட்டரோ 10 ஆம்பியர் வரைக்கும்தான். எந்தச் சோதனை செய்தாலும் வண்டி நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுங்கள்.

"மீட்டர் 12.5 காட்டுது, ஆனா செல்ஃப் சுத்தல. அப்போ பேட்டரி நல்லாதானே இருக்கு?"

அப்படிச் சொல்லிவிட முடியாது. சும்மா இருக்கும் பேட்டரியின் வோல்ட் அதில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று சொல்லும், வலு இருக்கிறதா என்று சொல்லாது. வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போய்விட்டால் சார்ஜரில் போடாமல் பேச வேண்டாம். 10.5 பக்கம் நின்றுகொண்டு சார்ஜ் போட்டாலும் ஏறவில்லை என்றால் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது. ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட் என்று கணக்குப் போட்டால் சரியாக வரும்.

உண்மையான பரீட்சை செல்ஃப் சுற்றும்போதுதான். மீட்டரைப் பேட்டரியிலேயே வைத்துக்கொண்டு, உள்ளே ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். 9.6-க்கு மேலே நின்றால் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டாம். 12.5-இலிருந்து 7, 8 என்று விழுந்தால் பேட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் அளவுக்கு மீறி இழுக்கிறது. நல்ல பேட்டரி ஒன்றை மாற்றி வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். இன்னொரு பக்கம், சாவி திருப்பியும் 12.5 அப்படியே அசையாமல் நிற்கிறதா? அது ஹெட்லைட் சோதனையில் சொன்ன கடைசி வகை. பேட்டரியை விட்டுவிட்டு மேற்கொண்டு வயரிலும் செல்ஃபிலும் தேடுங்கள்.

"சாவி திருப்பினா 'டக்டக்டக்டக்'னு அடிச்சுக்குது. என்ன அது?"

செல்ஃப் மேலே உட்கார்ந்திருக்கும் சொலினாய்டு அது, மோட்டாருக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் மின்காந்த ஸ்விட்ச். இழுத்துப் பிடிக்கிறது, மோட்டார் கரன்ட் கேட்டதும் வோல்ட் சரிகிறது, சொலினாய்டு விட்டுவிடுகிறது, வோல்ட் ஏறுகிறது, மறுபடி பிடிக்கிறது. பெரும்பாலும் பேட்டரி இறங்கியதுதான் காரணம். டெர்மினல் கிளாம்ப்பைக் கையால் திருகிப் பாருங்கள். கையோடு அது சுற்றினால் பேட்டரிக் கடைக்குப் போகும் முன் 10-ஆம் நம்பர் ஸ்பேனரைத் தேடுங்கள்.

"எனக்கு ஒரே ஒரு 'டக்'. அப்புறம் கம்முனு இருக்கு. மெக்கானிக் செல்ஃப் போச்சுன்றாரு."

போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். ஒரே "டக்" என்றால் சொலினாய்டு இழுத்துவிட்டது, மோட்டார் சுற்றவில்லை என்று பொருள். ஹெட்லைட் சோதனையை இங்கே போடுங்கள். "டக்" வரும்போது லைட் பலமாக மங்கினால் மோட்டாருக்குக் கரன்ட் போகிறது, ஆனால் மோட்டாரால் சுற்ற முடியவில்லை. செல்ஃபின் பல்சக்கரம் இன்ஜினின் ஃபிளைவீலில் சிக்கியிருக்கலாம், ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, உள்ளே சுற்றும் ஆர்மேச்சர் செல்ஃப் உடம்பில் உரசலாம். வண்டியை மூன்றாவது கியரில் போட்டு லேசாக முன்னும் பின்னும் ஆட்டினால் சிக்கிய பல் சில சமயம் விடுபடும்.

லைட் மங்கவே இல்லை என்றால் சொலினாய்டுக்குள் இருக்கும் செம்பு காண்டாக்ட் கருகியிருக்கும், அல்லது ஆர்மேச்சருக்குக் கரன்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்து தொடாமல் நிற்கும். இரண்டுமே கழற்றிச் சரிசெய்யக்கூடியவை, முழு செல்ஃபையும் தூக்கிப்போட வேண்டிய விஷயம் இல்லை. பிரஷ்தானா என்று பார்க்க, ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது செல்ஃப் உடம்பில் ஸ்பேனரால் லேசாகத் தட்டுங்கள். சுற்றினால் பிரஷ்தான். ஆனால் உள்ளே நிலைக்காந்தம் வைத்த செல்ஃப்களும் உண்டு. ஓங்கி அடித்தால் காந்தம் விரிசல் விட்டு, பிரஷ்ஷில் முடிய வேண்டிய செலவு புதுச் செல்ஃபில் போய் நிற்கும். தட்டி வீடு வந்து சேரலாம், தினமும் தட்டிக்கொண்டு ஓட்ட முடியாது.

"காசிமேட்டுல இருக்கோம். பேட்டரி முனையில பச்சையா, வெள்ளையா பூ பூத்துக்கிட்டே இருக்கு. துடைச்சா போதுமா?"

மேலே துடைத்தால் போதாது. வெள்ளையும் நீலமும் பேட்டரி அமிலம் கசிந்து வருவது. பச்சை, செம்பு அரிப்பது. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரை கடற்கரையை ஒட்டி நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்வதால் இது சீக்கிரம் வரும். முதலில் மைனஸ், அப்புறம் பிளஸ் என்று கழற்றி, வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரையும். பேட்டரி மூடித் துளைக்குள் அது போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்ததும் முனையையும் கிளாம்ப்பின் உள்பக்கத்தையும் எமெரித் தாளால் ஈயம் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். மாட்டும்போது பிளஸ் முதலில். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். இறுக்குவதற்கு முன்பே இடையில் அப்பினால் வேலைக்கு ஆகாது.

கண்ணுக்குத் தெரியாத அரிப்புதான் மோசம். கேபிளின் ரப்பர் உறைக்குள் செம்பு இழைகள் பச்சைப் பொடியாகிக் கிடக்கும், வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை அங்கே இருந்தாலே, 150 ஆம்பியர் ஓடும்போது 1.5 வோல்ட் காணாமல் போகும். இதைப் பிடிக்க மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ் ஈயத்திலும், மறுமுனையைச் செல்ஃபின் தடித்த கேபிள் போல்ட்டிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். காட்டும் எண், வழியில் தொலைந்த வோல்ட். அரை வோல்ட்டுக்கு மேல் போனால் அந்தக் கேபிளோ அதன் இரண்டு முனைகளோதான் குற்றவாளி. இதே மாதிரி மைனஸ் ஈயத்துக்கும் செல்ஃப் உடம்புக்கும் நடுவே வைத்துப் பாருங்கள், 0.2, 0.3-க்குள் இருக்க வேண்டும். செல்ஃப், பேட்டரி என்று பணம் கொட்டுவதற்கு முன்னால் இந்த இரண்டு அளவையும் எடுத்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. எனக்கு வரும் "செல்ஃப் போச்சு" வண்டிகளில் பாதிக்கு மேல் இங்கேயே முடிந்துவிடுகின்றன.

"சிரிக்காதீங்க சார், செல்ஃப் அடிக்கும்போது ஆக்சிலரேட்டர் கேபிள் சூடாகுது. லேசா புகைகூட வந்துச்சு."

சிரிக்க ஒன்றுமில்லை, இன்ஜின் எர்த் போய்விட்டது. செல்ஃபுக்குப் போன கரன்ட் இன்ஜின் இரும்பு வழியாகத்தான் பேட்டரி மைனஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும். ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கும் இன்ஜினையும் பாடியையும் இணைக்க ஒரு எர்த் பட்டை இருக்கும். அது அரித்து அறுந்துவிட்டாலோ, கியர்பாக்ஸ் வேலை பார்த்தவர் திரும்ப மாட்ட மறந்துவிட்டாலோ கரன்ட் வேறு வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் எது கிடைத்தாலும் அதில் ஓடும். அந்த மெல்லிய கம்பி தாங்குமா?

மீட்டர் இல்லாமலே இதைச் சோதிக்கலாம். ஜம்பர் கேபிளின் கருப்பை எடுத்து ஒரு முனையைப் பேட்டரி மைனஸ்ஸிலும், மறுமுனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பிலும் கவ்வவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். ஜோராகச் சுற்றினால் எர்த் பட்டை மாற்ற வேண்டியதுதான். மாட்டும் இடத்தில் துருவையும் பெயின்ட்டையும் சுரண்டிவிட்டு மாட்டுங்கள்.

"ரோட்டுல படுத்துடுச்சு. பக்கத்துல நிக்கிற லாரியிலேர்ந்து ஜம்பர் போட்டுக்கலாமா? டிரைவர் அண்ணன் சரின்றாரு."

வேண்டவே வேண்டாம். எண்ணூர் விரைவுச்சாலையிலும் மணலி சாலையிலும் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள் 24 வோல்ட் வண்டிகள். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராகக் கோத்திருப்பார்கள். அதை உங்கள் வண்டியில் கொடுத்தால் டைனமோ டயோடு, ஸ்டீரியோ, எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வைத்த) வண்டியாக இருந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் போகலாம், பேட்டரியே வெடிக்கவும் கூடும். டிரைவர் அண்ணனுக்கு நன்றி சொல்லிவிட்டு ஒரு கார்க்காரரைக் கேளுங்கள்.

கார் கிடைத்தால் இந்த வரிசை: சிவப்பு, இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில். சிவப்பின் மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கருப்பு, நல்ல பேட்டரியின் மைனஸ்ஸில். கருப்பின் மறுமுனை உங்கள் இன்ஜினின் வெற்று இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில் பொறி வரும், பேட்டரிக்கு மேலே ஹைட்ரஜன் வாயு இருக்கலாம், அதனால்தான் தள்ளிப் போடச் சொல்வது. நல்ல வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு முயலுங்கள். கழற்றும்போது அப்படியே தலைகீழ் வரிசை.

"ஜம்பர் இல்ல. நாலு பசங்கள கூப்பிட்டு தள்ளிடலாமா?"

கார்புரேட்டர் வண்டி என்றால் தாராளமாக. சாவி ஆன், இரண்டாவது கியர், கிளட்ச்சை மிதித்துக்கொண்டு, வேகம் வந்ததும் சட்டென்று விடுங்கள். எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்குப் பெட்ரோல் பம்ப் ஓடவும் இன்ஜெக்டர் திறக்கவும் பேட்டரியில் ஓரளவு உயிர் வேண்டும். டாஷ்போர்டில் லைட்டே வரவில்லை என்றால் மிண்ட் வரைக்கும் தள்ளினாலும் பிடிக்காது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணவே முடியாது.

"ராத்திரி நல்லா நிறுத்துறேன், ரெண்டு நாள் எடுக்கலன்னா பேட்டரி காலி. புது பேட்டரிங்க!"

எங்கேயோ கரன்ட் ஒழுகுகிறது. 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் அரை ஆம்பியர் ஒழுகினால் 70 மணி நேரத்தில் சுத்தமாகக் காலி. செல்ஃப் தூக்கும் வலு அதற்கு வெகு முன்பே போய்விடும். டிக்கி லைட் ஒன்று அணையாமல் இருந்தாலே இந்தக் கதைதான்.

பார்க்கும் முறை: எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளை மூடி, சாவியை எடுத்துவிடுங்கள். பேட்டரி மைனஸ் கிளாம்ப்பைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியருக்கு மாற்றி, சிவப்பைக் கழற்றிய கிளாம்ப்பிலும் கருப்பைப் பேட்டரி மைனஸ்ஸிலும் வையுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. கார்புரேட்டர் காலத்து வண்டியில் அதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சரிகிறதோ அந்த லைனில் கோளாறு. மீட்டர் இப்படி இருக்கும்போது தப்பித்தவறியும் செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டரோ அதற்குள் இருக்கும் ஃபியூஸோ போய்விடும்.

பழைய வண்டிகளில் கம்பெனி வயரிங் அனேகமாக இதற்குக் காரணமாக இருப்பதில்லை. பின்னால் மாட்டிய ஸ்டீரியோ, சென்ட்ரல் லாக், ரிவர்ஸ் மியூசிக், கலர் கலர் லைட் இவைதான். ஃபியூஸ் எல்லாவற்றையும் எடுத்தும் எண் சரியவில்லை என்றால் டைனமோவின் டயோடைப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு டைனமோவின் தடித்த வயரை எடுத்து, இன்சுலேஷன் சுற்றி, மறுபடி அளந்தால் தெரிந்துவிடும்.

"வண்டி ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழட்டினா டைனமோ சார்ஜ் பண்ணுதான்னு தெரிஞ்சிடும்னு சொல்றாங்களே?"

இந்த வித்தை உண்மையான டைனமோ இருந்த காலத்தோடு போயிருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் வண்டியில் பேட்டரியைத் திடீரென்று கழற்றினால் வோல்ட் ஒரு கணம் எகிறும். டயோடு, ரெகுலேட்டர், கம்ப்யூட்டர் எது சிக்கினாலும் போச்சு. வண்டியை ஓடவிட்டு, பேட்டரி முனையில் மீட்டர் வையுங்கள். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜ் ஆகிறது. ஹெட்லைட்டும் ஃபேனும் போட்டு லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தும் 13-க்குக் கீழே விழுந்தால் பெல்ட், பிரஷ், ரெகுலேட்டர் என்று பார்க்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு பேட்டரியைக் கொதிக்கவைக்கிறது.

இன்னொன்று. சாவி ஆன் செய்ததும் டாஷ்போர்டில் சிவப்புப் பேட்டரி விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் "அப்பாடா, நம்ம வண்டியில அந்தப் பிரச்சினையே இல்ல" என்று நினைக்காதீர்கள். பல பழைய வண்டிகளில் டைனமோ தூண்டப்படுவதே அந்த பல்பு வழியாக ஓடும் சின்ன கரன்ட்டால்தான். பல்பு ஃபியூஸ் போனால் டைனமோ சோம்பிக் கிடக்கும். சின்ன பல்பு மாற்றினால் தீரக்கூடியதற்கு டைனமோவைக் கழற்றியவர்கள் உண்டு.

"பேட்டரிக்கு கேன் தண்ணி ஊத்தலாமா? ஏ.சி.லேர்ந்து சொட்டுற தண்ணி?"

இரண்டும் வேண்டாம். கேன் தண்ணீரிலும் ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும். ஏ.சி. தண்ணீர் காயிலில் உள்ள தூசியையும் உலோகத்தையும் அள்ளிக்கொண்டு வரும். பெட்ரோல் பங்க்கிலேயே டிஸ்டில்ட் வாட்டர் கிடைக்கிறது. பிளேட் மூழ்கி, மேலே சுமார் 10 மில்லிமீட்டர் நின்றால் போதும். ஆசிட் ஊற்றாதீர்கள், ஆவியாவது தண்ணீர் மட்டும்தான்.

"காலையில நல்லா எடுக்குது. மத்தியானம் டிராஃபிக்ல நின்னு ஆஃப் பண்ணினா திரும்ப எடுக்க மாட்டேங்குது. அரைமணி கழிச்சு எடுக்குது!"

மூலக்கடை சிக்னலில் சித்திரை வெயிலில் நின்றவர்களுக்கு இது தெரியும். முதல் கேள்விக்கே திரும்புங்கள்: சுற்றுகிறதா, இல்லையா? ஜோராகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்திருக்கலாம், அல்லது ஸ்பார்க் கொடுக்கும் காயிலோ இக்னைட்டரோ சூட்டில் சோர்ந்திருக்கலாம். பானட்டைத் திறந்து ஆறவிட்டு, ஸ்பார்க் வருகிறதா என்று பார்த்தால் எது என்று பிரிந்துவிடும். ஸ்பார்க் பார்க்கும்போது வயரைக் கையில் பிடிக்காதீர்கள். ஒரு பழைய பிளக்கை மாட்டி, அதன் உடம்பை இன்ஜின் இரும்பில் தொடவைத்துப் பாருங்கள்.

சுற்றவே இல்லை, அல்லது முக்கி முக்கிச் சுற்றுகிறது என்றால் மின்சாரக் கோளாறு. செம்பு சூடானால் தடை கூடும். 60 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட கால் பங்கு கூடிவிடும். இன்ஜின் சூட்டில் வெந்துகொண்டிருக்கும் சொலினாய்டுக் காயிலுக்கு அப்போது வழக்கத்தைவிட வோல்ட் அதிகம் வேண்டும். ஆனால் இருபது, இருபத்தைந்து வருடம் திருப்பித் திருப்பித் தேய்ந்த சாவி ஸ்விட்ச்சும் நீளமான மெல்லிய வயரும் கொடுப்பது குறைவு. சொலினாய்டின் சின்ன வயர் முனையில் மீட்டர் வைத்து, சாவியைத் திருப்பிப் பாருங்கள். அந்த நேரம் பேட்டரியில் இருக்கும் வோல்ட்டைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் கோளாறு அங்கேதான்.

இதற்கு ஒரு 30 ஆம்பியர் ரிலே (சின்ன கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச்) போட்டால் போதும். 30-ஆம் முனைக்குப் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸ் வைத்து வயர், 87-இலிருந்து சொலினாய்டுக்கு, சாவியிலிருந்து வந்த பழைய வயர் 86-க்கு, 85-க்கு எர்த். செல்ஃப் மாற்றச் சொன்ன எத்தனையோ வண்டிகளுக்கு நான் ரிலே மட்டும் போட்டு அனுப்பியிருக்கிறேன். ரிலே போட்டும் சூட்டில் முக்கினால் புஷ் தேய்ந்திருக்கிறது, கழற்றித்தான் ஆக வேண்டும்.

"செல்ஃப் அடிக்கும்போது பிடிக்காது. சாவியை விடும்போது 'டப்'னு பிடிச்சுக்கும். எனக்கு நேரெதிர் ஃப்ரெண்ட் வண்டி, விட்டதும் அணைஞ்சிடும்."

இரண்டு வேறு நோய். உங்கள் வண்டியில் செல்ஃப் சுற்றும்போது வோல்ட் அதிகமாக விழுகிறது, ஸ்பார்க் காயிலுக்கு வேண்டியது கிடைப்பதில்லை. சாவியை விட்டதும் வோல்ட் ஏறுகிறது, இன்ஜின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, அந்த ஒரு கணத்தில் ஸ்பார்க் விழுந்து பிடிக்கிறது. பேட்டரியையும் கேபிளையும் மேலே சொன்னபடி அளந்து பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காண்டாக்ட் பாயின்ட் வைத்த அம்பாசடர், பத்மினி என்றால் பாயின்ட் இடைவெளியும் பாருங்கள், சுமார் 0.4 மில்லிமீட்டர்.

நண்பர் வண்டியில் செல்ஃப் நிலையில் காயிலுக்குக் கரன்ட் வருகிறது, ஆன் நிலைக்குத் திரும்பியதும் நின்றுவிடுகிறது. சாவி ஸ்விட்ச்சின் ஆன் காண்டாக்ட் தேய்ந்திருக்கும். காயிலுக்குப் போகும் கரன்ட்டைக் குறைக்கும் பாலாஸ்ட் ரெசிஸ்டர் உள்ள வண்டி என்றால் அது அறுந்திருக்கும். செல்ஃப் அடிக்கும்போது கரன்ட் அதைச் சுற்றிக்கொண்டு போவதால் பிடிக்கிறது, விட்டதும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும்.

"டீசல் இண்டிகா. செல்ஃப் சூப்பரா சுத்துது, வெள்ளைப் புகை வருது, பிடிக்க ரொம்ப நேரமாகுது."

ஹீட்டர் பிளக். "சென்னையில ஏது குளிரு" என்று கேட்பார்கள். பழைய இண்டிகா, டீசல் அம்பாசடர் மாதிரி இன்ஜின்களுக்குக் காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு அது இங்கேயும் வேண்டும். சாவி ஆன் செய்ததும் பிளக் பட்டையில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் ரிலே அல்லது ஃபியூஸ். வந்தால் பட்டையைக் கழற்றி, டெஸ்ட் லாம்ப்பின் கவ்வியைப் பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் முனையை வையுங்கள். லாம்ப் எரியாத பிளக் செத்தது. புகையே வராமல் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தால் பம்ப்பில் டீசலைத் திறந்துவிடும் ஸ்டாப் சொலினாய்டுக்குக் கரன்ட் வருகிறதா என்று பாருங்கள்.

"மழைத் தண்ணியில முங்கிடுச்சு. தண்ணி வடிஞ்சிடுச்சு, ஸ்டார்ட் பண்ணிப் பாக்கவா?"

பண்ணாதீர்கள். சாவியைத் தொடாமல் முதலில் பேட்டரி மைனஸ்ஸைக் கழற்றுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது அமுங்காது, செல்ஃப் அடித்த வேகத்தில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்குகளைக் கழற்றி, ஏர் ஃபில்டரையும் ஆயிலையும் பார்த்துவிட்டுத்தான் சுற்ற வேண்டும். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும்போது "போயிடலாம்" என்று இறக்குகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

செல்ஃப் பெரும்பாலான வண்டிகளில் கீழே, கியர்பாக்ஸ் ஓரமாக இருக்கும். கழுத்தளவு தண்ணீர் தேவையில்லை, பம்பர் உயரத்துக்கு நின்றாலே உள்ளே சேறு போய்விடும். அன்றைக்கு ஓடும், பத்து நாள் கழித்துத் துருப்பிடித்து இறுகும். அதனால் ஓடினாலும் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், மணலி பக்கம் வெள்ளத்தில் எண்ணெயும் கலந்து வந்தது. அப்படி நனைந்த வண்டியில் கனெக்டர்களைத் தண்ணீரில் கழுவினால் போதாது. ஒவ்வொன்றாகப் பிரித்து காண்டாக்ட் கிளீனர் அடித்து, உப்பிய ரப்பர் சீல்களை மாற்ற வேண்டும். கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடும் வயர்களை மறந்துவிடாதீர்கள்.

"'ஙொய்ய்ய்'னு செல்ஃப் மட்டும் வேகமா சுத்துது, இன்ஜின் சுத்தல."

மோட்டார் நலம். ஃபிளைவீலைப் பிடிக்கும் செல்ஃபின் பல்சக்கரத் தொகுதியான பெண்டிக்ஸ் வழுக்குகிறது, அல்லது ஃபிளைவீல் ரிங்கில் பல் போயிருக்கிறது. வண்டியைக் கியரில் போட்டுக் கொஞ்சம் நகர்த்தினால் ஒழுங்காகப் பிடிக்கிறது என்றால் அந்த இடத்துப் பல் தேய்ந்துவிட்டது.

"சாவி படம் போட்ட லைட் மின்னுது. செல்ஃப் சுத்துது, பிடிக்கல."

இம்மொபிலைசர், அதாவது சாவியில் இருக்கும் சிப்பை அடையாளம் தெரியாவிட்டால் இன்ஜினைப் பிடிக்கவிடாத திருட்டுத் தடுப்பு. வயரைத் தோண்டாமல் ஸ்பேர் சாவியைப் போட்டுப் பாருங்கள். அதில் பிடித்தால் பழைய சாவியின் சிப் போய்விட்டது.

"புதுப்பேட்டையில பழைய செல்ஃப் வாங்கிடலாமா, இல்ல இதையே ரிப்பேர் பண்ணவா?"

உடம்பும் ஆர்மேச்சரும் நன்றாக இருந்தால் உங்களுடையதையே ரிப்பேர் செய்யுங்கள் என்பேன். பிரஷ், புஷ், பெண்டிக்ஸ், சொலினாய்டு எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கின்றன. மாருதி 800, அம்பாசடர் இரண்டின் உற்பத்தியும் 2014-இல் நின்றுவிட்டாலும் சாமான் பஞ்சம் இல்லை. பழைய அம்பாசடர், பத்மினிகளில் பெரும்பாலும் நம் பாடி ஆலையின் லூகாஸ் டிவிஎஸ் செல்ஃபே இருக்கும், அதற்கு வேலை தெரிந்தவர்களும் இங்கே நிறைய. ஆர்மேச்சர் கருகிவிட்டது என்றால் புதுப்பேட்டை போகலாம். கடையிலேயே பேட்டரியில் தொட்டுச் சுற்றிக்காட்டச் சொல்லுங்கள். ஆனால் லோடு இல்லாமல் எந்தச் செல்ஃபும் துள்ளும். ஷாஃப்ட்டை ஆட்டிப் பாருங்கள், லொடலொட என்றால் புஷ் போனது. பல்லைப் பாருங்கள். திருப்பித் தர முடியுமா என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

"பேட்டரி புதுசு, செல்ஃப் புதுசு, கேபிள், எர்த் எல்லாம் மாத்தியாச்சு. இன்னும் வாரத்துக்கு ஒரு தடவை எடுக்காது. மெக்கானிக் வந்து நின்னா உடனே எடுத்துடும்!"

கோளாறு இருக்கும் நேரத்தில் அளந்தால்தான் பிடிபடும், அது உங்களைத் தவிர யாருக்கும் வாய்க்காது. அதனால் கோளாறு வருமுன்பே பொறி வைத்துவிடுங்கள். சொலினாய்டின் சின்ன வயர் முனையிலிருந்து ஒரு வயரை, ஃபியூஸ் வைத்து, டாஷ்போர்டுக்கு அடியில் கொண்டுவந்து ஒரு சின்ன 12 வோல்ட் பல்பில் கொடுங்கள், பல்பின் மறுமுனைக்கு எர்த். சாவி திருப்பும்போதெல்லாம் அது எரியும்.

அடுத்த முறை எடுக்காதபோது பல்பைப் பாருங்கள். பல்பு எரியவில்லை என்றால் சாவி ஸ்விட்ச், நடுவில் இருக்கும் கனெக்டர், ஆட்டோமேட்டிக் வண்டியானால் நியூட்ரல் ஸ்விட்ச், திருட்டு அலாரம் மாட்டியவர் வெட்டி ஒட்டிய வயர் இவற்றில் ஒன்று. நான் முதலில் பார்ப்பது அலாரம் வயரைத்தான். டேப் மட்டும் சுற்றிய அந்த முறுக்கு இணைப்பைப் பிரித்து, ஈயம் வைத்து ஒட்டுங்கள். பல்பு மங்கலாக எரிந்தால் மேலே சொன்ன ரிலே. பளிச்சென்று எரிந்தும் செல்ஃப் சுற்றவில்லை என்றால், புதுசோ பழசோ, சொலினாய்டும் பிரஷ்ஷும் ஆர்மேச்சரும்தான். ஆர்மேச்சரில் ஒரு இடம் மட்டும் கருகியிருந்தால் பிரஷ் சரியாக அங்கே வந்து நிற்கும் நாளில் மட்டும் படுக்கும். அப்படியானால் பில்லை எடுத்துக்கொண்டு செல்ஃப் விற்ற கடைக்குப் போங்கள், பல்பு எரிவதை ஒரு வீடியோவும் எடுத்துக்கொண்டு.